பாடம் சொல்லும் அம்மாவுக்குச் சலிப்பு வரலாமா?

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் தானே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள் ஒரு தாய் என்றால், ஊரே அவளைத் திரும்பிப் பார்க்கும். சிலருக்கு இது விரும்பி எடுத்த முடிவு. சிலருக்குப் பிள்ளையின் உடல்நிலை காரணம். இன்னும் சிலருக்கு, பள்ளியில் ஒட்டாமல் தினம் அழுத குழந்தையைப் பார்க்கச் சகிக்காமல் எடுத்த முடிவு. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். முதல் மாதம் எல்லா வீட்டிலும் ஒரே உற்சாகம்தான்! புது நோட்டு, புதுப் பென்சில், சுவரில் கால அட்டவணை, பிரிஜ் கதவில் அ, ஆ, இ, ஈ...

மூன்றாவது மாதம் வந்து பாருங்கள். அடுப்பில் தோசை கருகுகிறது, வாசலில் தண்ணீர் கேன்காரர் கூப்பிடுகிறார், பிள்ளை கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு, "அம்மா, இன்னிக்கு மட்டும் லீவு விடேன்!" என்கிறது. மாடிப்படியில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டு அம்மாள், "ஏம்மா, புள்ளை இன்னமும் ஸ்கூலுக்குப் போகலையா? பின்னாடி கஷ்டப்படப் போறான், பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போகிறார். அன்றைக்கு ராத்திரி படுத்தால் தூக்கம் வருமா? 'நாம் செய்வது சரிதானா? பிள்ளையின் எதிர்காலத்தோடு விளையாடுகிறோமா?' என்ற கேள்விதான் வரும்.

இந்தச் சலிப்பையும் பயத்தையும் பற்றித்தான் இங்கே கொஞ்சம் மனம் விட்டுப் பேசப் போகிறோம்.

சலிப்பு எங்கிருந்து வருகிறது?

பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு மணி அடித்தால் பாடம் முடிந்தது. சக ஆசிரியைகளோடு ஒரு வாய் காபி குடிக்கலாம். மாதம் பிறந்தால் சம்பளம். 'நன்றாகச் செய்தீர்கள்' என்று சொல்ல ஒரு தலைமை ஆசிரியை. வீட்டில் இதில் எதுவும் கிடையாது! அதே கூடம், அதே பாய், அதே பிள்ளை. கோபித்துக்கொண்டாலும் சோறு போடுவது நீங்கள்தான். ஆசிரியையின் கண்டிப்பும் தாயின் மடியும் ஒரே ஆளிடம் இருப்பதால், ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பள்ளிக்கூடத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவர நினைக்கிறோம். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மாலை நாலு மணி வரை எழுந்திருக்கக் கூடாது என்றால், பிள்ளையும் வாடும், தாயும் வாடுவாள். நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்க வகுத்த ஏற்பாடு அது. ஒரு பிள்ளைக்கு எதற்கு அத்தனை நேரம்?

வீட்டில் படித்தவர்கள்

"வீட்டில் படித்து யார் முன்னுக்கு வந்தார்கள்?" என்று கேட்பவர்களுக்கு நம் தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பருவமடைந்ததும் அக்கால வழக்கப்படி பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. ஆனால் படிப்பு நிற்கவில்லை. கல்லூரி முதல்வராக இருந்த தகப்பனார் நாராயணசாமி ஐயர் தாமும் சொல்லிக் கொடுத்தார், வீட்டுக்கு ஆசிரியர்களையும் வரவழைத்தார். 1902-ல் மெட்ரிகுலேஷன் தேறினார் முத்துலட்சுமி. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளிவந்தார். இன்று அடையாற்றில் நிற்கும் புற்றுநோய் மருத்துவமனை, 1954-ல் அவர் முயற்சியால் எழுந்ததுதான்.

அதே 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. சின்னஞ்சிறு வயதிலேயே கணவனை இழந்த பெண் மூலையில் உட்காரட்டும் என்று உறவினர்கள் சொன்ன காலம். தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் அவரை வீட்டில் வைத்துப் படிக்க வைத்தார், பிறகு கான்வென்ட்டுக்கு அனுப்பினார். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்ற சுப்புலட்சுமி, பின்னாளில் எத்தனையோ இளம் விதவைகளுக்குப் படிப்பும் வாழ்வும் தந்தார்.

இந்த இரண்டு கதைகளிலும் ஒரு பொது அம்சத்தைக் கவனியுங்கள். வீட்டுப் படிப்பு வீட்டோடு முடிந்துவிடவில்லை. எதிரே ஒரு பரீட்சை, ஒரு கல்லூரி என்று போகவேண்டிய இடம் தெரிந்திருந்தது. ஒரே ஆள் எல்லாப் பாடத்தையும் சுமக்கவும் இல்லை. சலிப்புக்கு மருந்து இந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

எத்தனை மணி நேரம் போதும்?

கொரோனா காலத்தில் நாம் எல்லோருமே, விரும்பியோ விரும்பாமலோ, வீட்டு ஆசிரியைகள் ஆனோம் அல்லவா? 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தன. ஏறத்தாழ பத்தொன்பது மாதம்! அந்தக் காலத்தில் குழந்தைகள் எவ்வளவு பின்தங்கினார்கள் என்று கார்த்திக் முரளீதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் நம் மாநிலத்துக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கணக்கில் இழப்பு மிக அதிகம், மொழியில் அதைவிடக் குறைவு. ஆனால் மனசுக்கு ஆறுதலான செய்தி அடுத்தது. பள்ளி திறந்த ஆறே மாதத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை அந்தக் குழந்தைகள் மீட்டுவிட்டார்கள். அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அந்த வகுப்பு என்ன பெரிய வகுப்பு? 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம். தெருவில் உள்ள ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் நம்மைப் போன்ற ஒரு பெண், மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சிறு கூட்டமாகக் குழந்தைகளை உட்கார்த்தி வைத்துப் பாட்டும் விளையாட்டுமாகச் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவுதான்! ஆனால் விடாமல் நடந்தது.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடம். ஒன்று, குழந்தை கொஞ்ச நாள் பின்தங்கினால் உலகம் முடிந்துவிடாது, மீண்டு வரும். இரண்டு, நாள் முழுக்க அல்ல, சிறிது நேரமானாலும் நிதமும் என்பதுதான் சூத்திரம். சிறு குழந்தைக்குக் காலையில் இருபது இருபது நிமிடமாக மூன்று தவணை போதும். பெரிய பிள்ளைக்கு மூன்று மணி நேரத்துக்குள் புத்தகப் பாடத்தை முடித்துக்கொள்ளலாம். மீதி நேரம் படிப்பில்லையா என்றால், அதுவும் படிப்புதான். எப்படி என்று பார்ப்போம்.

நானூறு தடவை போட்ட சங்கிலி

பரங்கிமலையை ரயிலில் எத்தனையோ தடவை கடந்திருப்பீர்கள். 1802 ஏப்ரல் 10-ந் தேதி வில்லியம் லாம்ப்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி அங்கேதான் இந்தியாவை அளக்கத் தொடங்கினார். கையில் நூறடி நீள இரும்புச் சங்கிலி. தெற்கே பெரும்பாக்கம் பக்கத்துக் குன்று வரை ஏழரை மைல். சங்கிலியை நானூறு தடவை எடுத்து எடுத்துப் போட்டு, 57 நாளில் அளந்து முடித்தார்கள். அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு தொடங்கிய வேலைதான் பிற்பாடு இமயமலைச் சிகரங்களின் உயரம் வரை போயிற்று.

வீட்டுப் படிப்பும் இப்படித்தான், சகோதரிகளே. நூறடி, இன்னும் ஒரு நூறடி. அன்றன்று பார்த்தால் ஒன்றும் நகர்ந்ததாகவே தெரியாது. அதனால்தான் சலிப்பு வருகிறது. ஆகவே, எத்தனை சங்கிலி போட்டோம் என்று குறித்து வையுங்கள். பால் கணக்கு எழுதுகிறோமே, அந்த மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி போட்டு மூன்றே வரி: இன்று என்ன செய்தோம், பிள்ளை எதில் சிரித்தான், எதில் முரண்டு பிடித்தான். மாத முடிவில் புரட்டிப் பாருங்கள். ஜூன் மாதம் கடன் வாங்கிக் கழித்தலுக்கு அழுத பெண், செப்டம்பரில் மளிகைச் சீட்டைக் கூட்டிக் காட்டியிருப்பாள்! இந்த நோட்டு உங்களுக்கு டானிக். பிற்பாடு பள்ளியில் சேர்க்க நேர்ந்தால், பிள்ளை என்னென்ன படித்தது என்று சொல்லவும் உதவும்.

ஆமாம், நூறடிச் சங்கிலியை நானூறு தடவை போட்டால் எத்தனை அடி? ஒரு மைலுக்கு 5,280 அடி என்றால் எத்தனை மைல்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கணக்கு உண்டா?

நம்ம ஊரே பாடப் புத்தகம்

வாரத்தில் ஒரு நாள் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே கிளம்புங்கள். தாம்பரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதற்குப் பஞ்சமே இல்லை.

பல்லாவரத்தில் 1863 மே 30-ந் தேதி ராபர்ட் புரூஸ் புட் என்ற நிலவியலாளர் சரளை மண்ணிலிருந்து ஒரு கல்லாயுதத்தை எடுத்தார். இந்தியாவில் ஆதிமனிதர் வாழ்ந்ததற்கு அறிஞர் உலகம் பெற்ற முதல் அத்தாட்சிகளில் ஒன்று அது. 'நாம் தினம் பஸ் ஏறுகிற பல்லாவரமா!' என்று பிள்ளை கேட்கும்போது, அந்தக் கண்களைப் பாருங்கள். வரலாற்றுப் பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது.

தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி என்று பெயர்ப்பலகை படிப்பதே வாசிப்புப் பயிற்சி. புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், இடைப்பட்ட நிமிடம் என்றால் கணக்குப் பாடம். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு வார நாளில் போனால் கூட்டம் குறைவு (செவ்வாய்க்கிழமை விடுமுறை, நினைவிருக்கட்டும்). பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பறவைகளைச் சாலையோரம் நின்றே பார்க்கலாம். 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலகப் பெருமை பெற்ற இடம் அது. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கமும், அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதியும் இருக்கின்றன.

பிள்ளைக்கு மட்டுமா? நாலு சுவரைப் பார்த்துச் சலித்த உங்களுக்கும் காற்றாட இருக்கும். பகல் வெளிச்சத்தில் விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்று கண் மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

சமையலறைப் பாடசாலை

1939-ல் மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய அம்மையார் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். உலக யுத்தம் மூண்டிருந்ததால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. குழந்தை தன் கையால் செய்து கற்க வேண்டும், வீட்டு வேலையே அதற்கு நல்ல பயிற்சி என்பது அவர் கொள்கை. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது, தானியங்களைப் பிரிப்பது, துணி மடிப்பது எல்லாமே பாடம்.

நம் சமையலறையில் இதற்கு என்ன குறை? உளுந்தையும் அரிசியையும் அளந்து போடச் சொல்லுங்கள், விகிதம் புரியும். மாவு ஏன் பொங்குகிறது என்று கேளுங்கள், விஞ்ஞானம் வரும். 'வேலையை முடித்துவிட்டுப் பாடம்' என்று காத்திருந்தால் வேலையும் முடியாது, பாடமும் நடக்காது. இரண்டையும் ஒன்றாகப் பிசைந்துவிடுங்கள்!

உங்கள் உடம்பையும் பாருங்கள்

சலிப்பு எல்லாம் மனசைச் சேர்ந்தது என்று நினைக்காதீர்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒருவருக்கு! மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? பதினோரு மணிக்கே கண்ணைச் சுற்றுகிறதா? காரணமில்லாமல் பிள்ளை மேல் எரிந்து விழுகிறீர்களா? ஒருமுறை ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று அர்த்தம். டாக்டர் சொல்கிறபடி இரும்புச்சத்து மாத்திரை எடுங்கள். கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம்.

பிள்ளைகள் சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் வீட்டில் 'மௌன மணி'. பிள்ளை படம் வரையட்டும், கதைப் புத்தகம் புரட்டட்டும். நீங்கள் காலை நீட்டிப் படுங்கள். அந்த நேரத்தில் பாத்திரம் தேய்க்கக் கிளம்பாதீர்கள்!

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை அழுகையாக வருகிறது என்றால் அது வெறும் அலுப்பு அல்ல. டாக்டரிடம் போகத் தயங்க வேண்டாம். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

தனியாகச் சுமக்காதீர்கள்

'நான்தானே இந்த முடிவை எடுத்தேன், நானேதான் சுமக்கணும்' என்று ஒரு வீம்பு நமக்குள் இருக்கும். அதை விடுங்கள். வீட்டுக்காரர் ராத்திரி எட்டு மணிக்கு வந்தாலும், அரை மணி நேரம் கணக்கோ கதையோ அவர் பொறுப்பு என்று ஒன்றை ஒதுக்குங்கள். "ஏங்க, பின்னங்கள் மட்டும் நீங்க சொல்லிக்கொடுங்க, நான் சொன்னா அவன் கேக்கறதில்லை" என்று கேட்டுப் பாருங்கள், மாட்டேன் என்று சொல்ல மாட்டார். மாமியாரிடம் விடுகதைகளும் வாய்ப்பாடும் குவிந்து கிடக்கும். கால், அரை, முக்கால், மாகாணி என்று பழைய கணக்கு சொல்லும் தாத்தா எந்தத் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

உங்களைப் போலவே வீட்டில் பாடம் சொல்லும் இரண்டு தாய்மார்களைத் தேடிப் பிடியுங்கள். வாரம் ஒரு நாள் ஒருவர் வீட்டில் கூடி, ஒருத்தி ஆங்கிலம், ஒருத்தி கைவேலை என்று பங்கு போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துணை, உங்களுக்குப் பேச்சுத் துணை. தெருப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் உங்கள் பிள்ளையையும் அவர்களோடு விளையாட அனுப்புங்கள். சண்டை போட்டுச் சமாதானமாவதை எந்தத் தாயாலும் வீட்டில் கற்றுத்தர முடியாது.

பரீட்சைக்கு வழி என்ன?

ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் பெரிய பயம் இதுதான். வழி தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்ததும் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். குறைந்தது ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப் பாடம். வருஷத்துக்கு இரண்டு முறை பொதுத் தேர்வு. ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதவேண்டும் என்பதில்லை, தயாரான பாடத்தை மட்டும் எழுதலாம். இது தவிர, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் பன்னிரண்டரை வயது நிறைந்த தனித்தேர்வர்களுக்கு எட்டாம் வகுப்புத் தேர்வு நடத்துகிறது. கட்டணமும் கடைசித் தேதியும் அவ்வப்போது மாறும். முன்கூட்டியே விசாரித்துக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை. நடுவில் வரும் பிள்ளையையும் அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள அதில் இடமிருக்கிறது. ஆக, திரும்பிப் போகும் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது.

திரும்ப அனுப்பினால் தோல்வியா?

இல்லவே இல்லை! ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நல்ல மனநிலையில் இருக்கும்போது, உங்களையே மூன்று கேள்வி கேளுங்கள். பிள்ளை தானாக எதையாவது தேடிப் படிக்கிறதா? நம் இருவருக்கும் இடையே இருந்த பிரியம் குறையாமல் இருக்கிறதா? என் உடம்பு தாங்குகிறதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் யார் என்ன சொன்னாலும் தொடருங்கள். பிரியம் குறைகிறது, பாடம் என்றாலே வீட்டில் அழுகை என்றால், வழியை மாற்றுங்கள். மாற்றியும் சரிவரவில்லையா? நல்ல பள்ளியாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். அதுவரை நீங்கள் சொல்லிக் கொடுத்தது எங்கும் போய்விடாது. முத்துலட்சுமியும் சுப்புலட்சுமியும் கடைசியில் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே போனவர்கள்தானே? தாண்டும் தைரியத்தை வீடு கொடுத்தது. அதுதான் வீட்டுப் படிப்பின் பெருமை.

ஒரு நாள் பாடம் நடக்கவில்லை என்று மனசு ஒடிந்துபோகாதீர்கள். தோசை ஒன்று கருகினால் அன்றைக்கு மாவையே கொட்டிவிடுகிறோமா என்ன? கல்லைத் துடைத்துவிட்டு அடுத்ததை ஊற்றுகிறோம். நாளைக் காலை அந்த நாற்பது பக்க நோட்டில் புதுத் தேதி ஒன்றைப் போடுங்கள்!